அடி வந்த பக்கம்

அவர் யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசியதில்லை. காதுக்கும் மோவாய்க்கும் நடுவில் ஓரிடத்தைப் பார்த்துத்தான் பேசுவார். நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. முகத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் போய்த் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறார் என்று. கடைத்தெருவில் எதிரே வருகிற ஆளின் பேர் அவருக்குத் தெரியாது, ஊர் தெரியாது, தாடை தெரியும். சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி, "வலது பக்கம் இப்ப நல்லா மெல்ல முடியுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

அவர் பெயர் வேண்டாம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. மெட்ராஸிலிருந்து பல் டாக்டராக வந்தவர், வந்த சில மாதங்களிலேயே தாடை டாக்டர் ஆகிவிட்டார். காஞ்சிபுரத்தில் அத்தனை தாடைகள் உடைந்தன. பட்டு என்றும் கோயில் என்றும் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைக் கொண்டாடுவார்கள். சேலை எடுத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுகிறவர்களுக்கு வேறென்ன தெரியும்? அமாவாசையன்று தறி ஓடாது. தறி ஓடாத நாளில் பல பேருக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் காலையில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரியின் வராந்தாவில் துண்டால் மோவாயைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ரத்தமும் எச்சிலும் வழிய, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அறுபதுகளின் கடைசி அது. எக்ஸ்ரே மெஷின் ஒன்று இருந்தது, பாதி நாள் கரண்ட் இருக்காது. டாக்டர் அதற்காகக் காத்திருந்ததே இல்லை. இரண்டு சுண்டு விரல்களையும் நோயாளியின் இரண்டு காதுகளிலும் விட்டு, "வாயைத் தொற, மூடு" என்பார். காதுக்கு முன்னால் தாடையின் குமிழ் நகருவது விரலுக்குத் தெரியும். நகராவிட்டால் அந்தப் பக்கம் குமிழுக்குக் கீழே கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கிற எலும்பு உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வார்டைப் பெருக்குகிற அம்மாளிடம் ஒரு கண்ணாடி வளையலைக் கேட்டு வாங்கி, மேஜைமேல் வைத்து, ஒரு பக்கம் கட்டை விரலால் அழுத்தினார் ஒருநாள். வளையல் இரண்டு இடத்தில் விட்டது. அழுத்தின இடத்தில் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று.

"பாத்தீங்களா சிஸ்டர். ஒண்ணு அடி விழுந்த எடம், இன்னொண்ணு அடி போய்ச் சேர்ந்த எடம். எடது பக்கம் குத்து விழுந்தா எடது பக்கம் விடும், வலது காதுகிட்டயும் விடும். தாடை ஒரு எடத்துல மட்டும் ஒடஞ்சிருக்குன்னா நாம சரியா தேடலன்னு அர்த்தம்."

"எல்லாம் சரி, அந்தம்மா வளையலுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. நான்தான் அடுத்த வாரம் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு சின்னப் பெருமாள் கோயில் உற்சவத்தில் வாகனம் திரும்பும்போது தூக்குகிற தண்டு சரிந்து இரண்டு பேரின் மோவாயில் ஒரே நேரத்தில் அடித்தது. ஒரே தண்டு, ஒரே வேகம். ஒருவருக்கு மோவாய் பிளந்து பல் தெறித்திருந்ததோடு சரி. இன்னொருவருக்கு மோவாயோடு இரண்டு காதுப்பக்கமும் முறிந்திருந்தது. டாக்டருக்கு ஏக சந்தோஷம். "அடி விழும்போது வாய் தொறந்திருந்துதா, மூடியிருந்துதா?" என்று கேட்டார். அவர் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்கு அடி பல் வழியாக மேலே மண்டைக்குப் பரவிப்போய்விட்டது. மற்றவர் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார். திறந்த வாயில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை, அடி நேராக இரண்டு குமிழுக்கும் போய்விட்டது.

"பெருமாள் பேரைச் சொன்னதுக்கா எனக்கு இப்படி?" என்று அவர் சைகையாலேயே கேட்டார்.

"சொல்லிட்டு மூடியிருக்கணும்" என்றார் டாக்டர்.

எனக்கு அவரைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். வேர்க்க வேர்க்க நின்றுகொண்டு ஒவ்வொரு பல்லாகக் கம்பி சுற்றி, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் சேர்த்துக் கட்டி, குறட்டால் முறுக்குவார். வாய் பூட்டியபடி ஆறு வாரம் இருக்க வேண்டும். கடைவாய்க்குப் பின்னாலிருக்கிற சந்து வழியாகக் கஞ்சி ஊற்றுவோம். கஞ்சியைத் துணியில் வடிகட்டி அவரே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவிடுவார். உப்புக் குறைந்தால் சமையல்காரரைக் கிழித்துவிடுவார்.

ஆனால் அடிபட்டவர் வாயால் சொல்வதை மட்டும் அவர் நம்பமாட்டார். முசரவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். குளத்துப் படியில் வழுக்கிவிட்டது என்றார். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "படியில விழுந்தா மோவாய்தான் அடிபடும், மோவாய்ல ஒரு கீறல்கூட இல்ல. எடது பக்கம் ஒடஞ்சி வலது காதுகிட்ட விட்டிருக்கு. எதிர்ல நின்னு வலது கையால குத்தியிருக்கான். மோதிரம் போட்ட கை, கன்னத்துல தடம் இருக்கு" என்றார். எல்லோரும் மகனின் கையைப் பார்த்தார்கள். அதில் மோதிரம் இருந்தது. பெற்ற அப்பனை அடித்தவன் என்று வெளியே இழுத்துப்போய்ச் செருப்பாலேயே அடித்து மண்ணில் புரட்டினார்கள். அவன் தலையில் தோல் உரிந்து தொங்கியது. பெரியவர் துண்டுக்குள்ளிருந்து குழறிக் குழறி அழுதார்.

"நான் ஒன்னைக் கேட்டனா சாமி? அவன்தானப்பா நாளைக்கு எனக்குச் சோறு போடணும்."

"பொய் சொன்னார்" என்று டாக்டர் என்னிடம் சொல்லிக்கொண்டே கை கழுவினார். "எலும்பு பொய் சொல்லாது."

அன்று வார்டே அவர் பக்கம்தான் நின்றது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் வந்த பிறகுதான், பெண்டாட்டி முகத்தைப் பெயர்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி கூடவே வந்து நிற்கிற புருஷன்களுக்குப் பயம் வந்தது. கூட்டத்துக்கு நடுவில் வைத்து, "நீதான், இந்தக் கையாலதான்" என்று சொல்லிவிடுவார். சில பேர் மனைவியை ஆஸ்பத்திரி கேட்டோடு விட்டுவிட்டு ஓடினார்கள். குழாயடியில் பெண்கள், "கை ஓங்கிப் பாரு, நேரா தாடை டாக்டர்கிட்ட போயிடுவேன்" என்று சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஓங்கிய கை இறங்கியும் இருக்கிறது.

ஒரு கார்த்திகை மாதக் காலை. எனக்கு அன்று மத்தியான டியூட்டி. காலையில் நடந்ததை வார்டு அம்மாள் சொல்லித்தான் கேட்டேன். ஒரு நெசவாளி தன் மனைவியை சைக்கிள் ரிக்ஷாவில் கொண்டுவந்தான். அவள் முகம் வலது பக்கம் வீங்கி, வாய் கோணி, பேச்சு வராமல் கிடந்தாள். தறிக்குழியில் விழுந்துவிட்டாள் என்றான். எங்கள் ஊர்த் தறிக்குத் தரையில் குழி இருக்கும். விளிம்பில் பலகை போட்டு உட்கார்ந்து, காலைக் குழியில் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். இருட்டில் அதில் யாராவது விழுவது புதிதில்லை.

டாக்டர் சிரித்தாராம். மோவாயில் கீறல் இல்லை. உடைவு வலது பக்கம், இன்னொரு உடைவு இடது காதுப்பக்கம். "வலது பக்கத்துலேர்ந்து விழுந்த அடி. பொறங்கையால அறைஞ்சா பல்லு ஆடும், எலும்பு ஒடையாது. எதிர்ல நின்னு எடது கையால குத்தியிருக்கான்" என்றார். மேஜைமேலிருந்த சாத்துக்குடியை எடுத்துச் சட்டென்று புருஷனை நோக்கி வீசினார். அவன் வலது கையால் பிடித்தான். அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி, கல்யாணமாகாத இளைஞன், செய்தி கேட்டு ஓடிவந்தான். டாக்டர் அவனிடமும் ஒன்றை வீசினார். அவன் இடது கையால் பிடித்து, "அக்காவுக்கா டாக்டர்?" என்று கேட்டு, கட்டிலில் அவள் பக்கத்தில் வைத்தான்.

"நீதான்" என்றார் டாக்டர்.

புருஷன் டாக்டரையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தானாம். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். "வெளிய சொல்லக்கூடாதுன்னு இருந்தேன் டாக்டர். மச்சானாச்சேன்னு இருந்தேன். ஒங்களுக்கே தெரிஞ்சிபோச்சி." தெருவில் சாட்சியும் இருந்தது. முந்தாநாள் அந்தத் தம்பி அக்காவைப் பார்த்து, "மறுபடி ஒன் புருஷன் வூட்டுக்குப் போனேன்னா வாயை ஒடைச்சிடுவேன்" என்று கத்தியதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். அவள் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். ஆட்ட ஆட்ட ரத்தம் வழிந்தது. "அடிச்சது தம்பிதானே?" என்று கேட்டதற்கும் இல்லை இல்லை என்றே ஆட்டினாள். "எல்லா அக்காவும் இப்படித்தான் ஆட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கம்பியை எடுத்தார். மத்தியானத்துக்குள் அவள் வாய் பூட்டப்பட்டுவிட்டது.

தம்பி அங்கிருந்து ஓடிவிட்டான். விளக்கேற்றுகிற நேரத்தில் புருஷன் வீட்டு ஆட்கள் அவனைப் பிடித்தார்கள். கட்டையால் அடித்தார்கள். கீழே விழுந்தவனின் மோவாயில் எட்டி உதைத்தார்கள், ஒரு தடவை இல்லை, மாற்றி மாற்றி. தெருக்காரர்கள் யாரோ மாட்டு வண்டியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னால் அரை நிஜார் போலீஸ்காரர் ஒருவர். வண்டி நிற்பதற்கு முன்பே அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஒரு களகளப்பு.

டாக்டர் ஓடிப்போய் வண்டியில் ஏறினார். "யாருடா இவனை மல்லாத்திப் போட்டது?" என்று கத்திக்கொண்டே அவனைக் குப்புறத் திருப்பினார். மோவாய்த் துண்டு இரண்டு பக்கமும் உடைந்து தனியாகக் கழன்றிருந்தது. நாக்கு அந்தத் துண்டில்தான் கட்டியிருக்கிறது. துண்டு பின்னால் போனால் நாக்கும் பின்னால் போய்த் தொண்டையை அடைத்துவிடும். இரண்டு விரலை உள்ளே விட்டு, கீழ்ப்பல்லுக்குப் பின்னால் கொக்கி போட்டு, துண்டை முன்னால் இழுத்தார். ரத்தக் கட்டி ஒன்று வெளியே வந்தது. பிறகு மூச்சு வந்தது.

நாக்கில் தையல் போட்டு இழுத்துக் கட்டும்வரை அந்த விரலை எடுக்க முடியாது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் குப்புறப் போட்டு, வலது கையை அவன் வாயில் வைத்தபடியே இருந்தார். நான் ஊசியையும் நூலையும் கொதிக்க வைக்க ஓடினேன்.

தட்டோடு திரும்பி வந்தபோது அவள் அங்கே நின்றிருந்தாள். பெண்கள் வார்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். பூட்டிய பல்லுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை நான் எழுதப்போவதில்லை. டாக்டர் நிமிராமல், "போய்ப் படும்மா" என்றார்.

அவள் போகவில்லை. பெஞ்சில் டாக்டருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். ஒட்டி உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டு மிதித்தாள். வலது பக்கம் எதையோ தள்ளினாள், திரும்பி வருவதை வாங்கினாள். மறுபடி தள்ளினாள், வாங்கினாள்.

"இன்னா பண்றா இந்தப் பொண்ணு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் தறிச்சத்தத்தில் பிறந்தவள். "தறி நெய்யறா டாக்டர்" என்றேன்.

அவள் இந்தத் தடவை வருவதை வாங்காமல் தவறவிட்டாள். உடனே டாக்டரின் இடது முழங்கையைப் பிடித்துத் தூக்கி, தன் வலது தாடையில் இடித்துக்கொண்டாள். நிஜமாகவே இடித்துக்கொண்டாள். கம்பிச் சந்தில் ரத்தம் புள்ளியாக வந்தது.

"கரை ஒரு கலர், ஒடம்பு ஒரு கலர்னா தனியா நெய்ய முடியாது டாக்டர்" என்றேன். "ரெண்டு பேர் வேணும். ஒரே பலகையில பக்கத்துல பக்கத்துல ஒக்காருவாங்க. புருஷன் வலது பக்கம், பொண்டாட்டி எடது பக்கம். நூல் கொண்டுபோற நாடா கைதவறினா கரையையும் ஒடம்பையும் சேர்க்கற கோர்வை போயிடும். அந்த ஆத்திரத்துல இடிச்சிருக்கான்."

"பக்கத்துலயா?" என்றார். ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் அவர் ஒரு தறி வீட்டுக்குள்ளும் போனதில்லை. "நான் எதிர்ல நிக்கிறவனைத்தானே தேடினேன்." எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் விரலை எடுத்தால் அவன் செத்துப்போவான். அந்தப் பெண் அவர் முழங்கையை விடவும் இல்லை. அப்போது எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பாவமாகவும் இருந்தது.

தையல் போட்டு முடித்ததும் போலீஸ்காரரைக் கூப்பிட்டார். கேட்டருகே ஆட்களோடு நின்ற புருஷனையும் கூப்பிட்டார். "நான் காலையில சொன்னது தப்பு. அடிச்சது இந்த ஆளு. முழங்கையால" என்றார்.

அவன் பதறவில்லை. "டாக்டரு காலையில எலும்பைப் பாத்து சொன்னாரு. இப்ப பொண்ணு அழுவறதைப் பாத்து சொல்றாரு" என்றான்.

போலீஸ்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. "எலும்பு பொய் சொல்லாதுன்னு நீங்கதான சார் எப்பவும் சொல்லுவீங்க?"

தம்பி பேரில் கேஸ் ஆனது. கட்டிலில் கம்பி கட்டிய வாயோடு அவன், பக்கத்தில் காவலுக்கு ஒரு ஆள். புருஷன் தினமும் தூக்கில் கஞ்சி கொண்டுவந்தான். வார்டே பார்க்க, குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி அவள் பக்கத்தில் உட்காருவான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் போனதும் அந்தக் கஞ்சியை வேப்பமரத்தடியில் கொட்டுவேன். வேப்பமரத்தடியாக இல்லாமல் அவன் தலையாக இருந்தால் இன்னும் நன்றாகக் கொட்டியிருப்பேன்.

கம்பி பிரித்த அன்று அவள் ஒரு விரல் அளவுதான் வாயைத் திறக்க முடிந்தது. முதலில் டாக்டரிடம்தான் பேசினாள். "நான் தலையாட்டனேனே டாக்டர். எலும்பைக் கேட்டீங்க. என்னைக் கேக்கலியே." பிறகு இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா தம்பிக்காகச் சொல்கிறாள், எந்த அக்காதான் சொல்லமாட்டாள் என்று அவர் சிரித்தார்.

அதனால் கேஸ் கோர்ட்டுக்குப் போனது. சாட்சிக் கூண்டில் டாக்டர். புருஷனும் அவன் தரப்பும் முதல் பெஞ்சில். தறியில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவது தனக்கு அப்போது தெரியாது என்றார் டாக்டர். புருஷன் தரப்பு வக்கீல் விடவில்லை. இதற்கு முன்னால் எத்தனையோ பேரைப் பார்த்து நீதான் அடித்தாய் என்று சொல்லியிருக்கிறீர்களே, அவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா என்றார். இல்லை என்றார் டாக்டர். அப்படியென்றால் எலும்பைப் பார்த்து அடித்த ஆளைச் சொல்ல முடியுமா, முடியாதா?

முடியும் என்றால் காலையில் சொன்ன பேச்சு நிற்கும், தம்பி ஜெயிலுக்குப் போவான். நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். முடியாது என்றால் அவர் இதுவரை சொன்னதெல்லாம் செல்லாமல் போகும். குழாயடிப் பெண்கள் ஞாபகம் எனக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"முடியாது" என்றார். "எந்தக் கேஸ்லயும் முடியாது. அடி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துதுன்னு எலும்பு சொல்லும். ஆளைச் சொல்லாது. ஆளைச் சொன்னதெல்லாம் நான்."

தம்பி விடுதலையானான். அக்காவும் தம்பியும் அவரைக் கும்பிடவில்லை, திட்டவும் இல்லை, சேர்ந்து நடந்து போனார்கள். அவள் அந்தப் புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அவனுக்கு ஒரு தண்டனையும் கிடையாது. சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு டீக்கடை செய்தி போய்விட்டது. தாடை டாக்டர் இதுவரை சொன்னதெல்லாம் டூப்பாம், கோர்ட்டில் அவரே ஒத்துக்கொண்டாராம்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் ஒரு பெண் வந்தாள். கூடவே புருஷன் வந்தான், கேட்டைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, அறைக்குள்ளேயே வந்தான். இடது பக்கம் உடைந்திருந்தது, வலது காதுப்பக்கம் விட்டிருந்தது. டாக்டர் அவனை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"யாரு அடிச்சதும்மா? நீ எங்க இருந்தே, அவங்க எங்க இருந்தாங்க? மெதுவா சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் கதவைப் பார்த்தாள். "மாடு முட்டிடுச்சி" என்றாள், வாயை அசைக்காமல்.

"உங்க வூட்ல ஏதும்மா மாடு?" என்றேன் நான்.

"தெரு மாடு."

டாக்டர் மறுபடியும் கேட்டார், இன்னும் தாழ்ந்த குரலில். மாடுதான் என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வீக்கத்தின்மேல் இறங்கியது. வெளியிலிருந்து புருஷன், "ஆச்சா டாக்டர்? நேரமாவுது" என்று சாவகாசமாகக் கேட்டான்.

டாக்டர் ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவினார்.

"சிஸ்டர், கம்பி" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.